மண்ணில் நாலு கோடு

நோரீன்: நட்டு அஞ்சு, ஓட்டை அஞ்சுன்னு எண்ணிட்டா ஆச்சா கெல்வின்? உன் சட்டையிலகூடத்தான் அஞ்சு பட்டன் இருக்கு.

கெல்வின்: காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா? வீல் கேட்டு வந்தவன்கிட்ட சட்டையைப் பத்திப் பேசுறே.

நோரீன்: டயர் கடைக்காரி வேற எப்படிப் பேசுவா? நட்டுக்கு நட்டு எவ்வளவு தூரம், நடு ஓட்டை ஹப்புல இறுக்கமா உக்காருதா, வீல் எவ்வளவு எடை தாங்கும்... இதெல்லாம் பாக்காம மாட்டினா, நூறு கிலோமீட்டர் தாண்டினதும் வீல் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே.

கெல்வின்: அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். நீயே பாத்துப் பொருத்தமா ஒண்ணு சொல்லு. பின்னாடி ரெண்டு மட்டும் போதும்.

நோரீன்: ரெண்டு மட்டுமா?

கெல்வின்: ரெண்டு மட்டும்தான். ஏன், அப்படி விக்க மாட்டியா?

நோரீன்: விப்பேன். இந்த வட்டாரத்துல நாலு பேருக்கு வித்திருக்கேன். நீ வந்து கேப்பேன்னு நெனைக்கல, அவ்வளவுதான். அந்த டயரை உருட்டிப் போட்டு உக்காரு. டீ போடறேன்.

கெல்வின்: வேணாம். அவசரம்.

நோரீன்: உனக்கு அவசரமா? மெயின் ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா, ஓட்டுறவன் எல்லாம் ஸ்டியரிங்லேர்ந்து வணக்கம்னு நாலு விரலைத் தூக்கிக் காட்டுவான். நீ ஒத்தை விரல். அதையும் பாதிதான் தூக்குவே. அப்படிப்பட்டவன் அவசரம்னு வந்து நிக்கிறே.

கெல்வின்: ஒரு விரல் போதும். எல்லாருக்கும் புரியுது இல்ல?

நோரீன்: புரியுது, புரியுது... உன் நாய் இறங்கிட்டான் பாரு.

கெல்வின்: டேய் டிக்கெட். ஏறு மேல... இந்தக் கிழட்டு நாய்க்குக் காதும் கேக்கல.

நோரீன்: விடு. அவன் நேரா அந்தத் தொப்பி மாட்டியிருக்கிற ஆணிகிட்டதான் போவான். பாரு... மோந்து பாக்கிறான்.

கெல்வின்: அது யாரோட...

நோரீன்: என் அண்ணன் டெஸ் தொப்பி. அண்ணன் செத்த அன்னிக்குக் கொண்டு வந்து மாட்டினேன். மூணு மாசம் ஆச்சு. எடுத்து வெக்க மனசு வரல. நாய்க்கு ஞாபகம் இருக்கு. டெஸ் வீட்டுல பொறந்த குட்டிதானே இது? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்த காலத்துல, தானே தூக்கிட்டு வந்து உன் மடியில போட்டான்.

கெல்வின்: நோரீன்... வீல்.

நோரீன்: வீல்தான். சொல்லு. எதுக்கு மாத்துறே?

கெல்வின்: உனக்குத் தெரியாததா? இந்தப் பிக்கப் வரும்போதே பின் சக்கரம் ரெண்டும் உள்ளே ஒடுங்கித்தான் வருது. முன்னாடி அகலம், பின்னாடி குறுகல். மணல்ல போனா முன் சக்கரம் போட்ட தடத்துல பின் சக்கரம் ஓடாது. உள்பக்கமா தனியா ஒரு தடம் வெட்டும். வண்டி இழுக்குது.

நோரீன்: சரி.

கெல்வின்: வெளிப்பக்கம் தள்ளி உக்கார்ற மாதிரி வீல் பின்னாடி மாட்டிட்டா, முன்னும் பின்னும் ஒரே கோட்டுல ஓடும். அவ்வளவுதான்.

நோரீன்: ஒன்பது வருஷமா இழுக்கலையா?

கெல்வின்: இழுத்துச்சு. பொறுத்துக்கிட்டேன்.

நோரீன்: பொறுத்துக்கிட்டானாம். க்ளைவ் இதே மாதிரி வீல் மாட்டினப்ப பப்புல அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னே? "பொண்ணு பாக்கப் போற வண்டிக்குத்தான் புது வீல் வேணும், மாட்டுக்குத் தீவனம் கொண்டு போற வண்டிக்கு எதுக்கு?"ன்னு கேக்கல? பாவம், அவன் ஒரு வாரம் ஊருக்குள்ளயே வரல.

கெல்வின்: அப்ப இடுப்பு நல்லா இருந்துச்சு. இப்ப தாங்கல.

நோரீன்: இடுப்பு தாங்கலேன்னா சீட்டை மாத்து.

கெல்வின்: கிண்டல் பண்ணாதே. கிளெண்டாவுக்கு ரோமா டவுன்ல அக்கா இருக்கா இல்ல... கேரவனை இழுத்துக்கிட்டுப் போகலாம்னு இருக்கோம். பின்னாடி அகலமா இருந்தா கேரவன் ஆடாது.

நோரீன்: போன வெள்ளிக்கிழமை உன் பொண்டாட்டியைப் பாத்தேனே. ரோமாவுக்குப் போறதா ஒரு வார்த்தைகூடச் சொல்லல.

கெல்வின்: வெள்ளிக்கிழமையா... எங்க பாத்தே?

நோரீன்: மாதர் சங்கத்து ஸ்டால்ல. லாமிங்டன் கேக் வித்துக்கிட்டிருந்தா. ரெண்டு வாங்கினேன். தேங்காய்ப்பூ கொஞ்சம் காறல்.

கெல்வின்: என்ன பேசினீங்க?

நோரீன்: பொம்பளைங்க என்ன பேசுவோம். மழை, மாடு, புருஷன்... வீல் எப்ப வேணும்?

கெல்வின்: வியாழக்கிழமைக்குள்ள.

நோரீன்: இன்னிக்குத் திங்கள். பிரிஸ்பேன்லேர்ந்து லாரி வந்து சேரவே ரெண்டு வாரம் ஆகுமே கெல்வின்.

கெல்வின்: கடையில ஒண்ணும் கிடக்கலையா? எதுவா இருந்தாலும் சரி.

நோரீன்: எதுவா இருந்தாலும் சரின்னா அது வீல் இல்ல, கொள்ளி. முதல்ல எது பொருந்தும்னு பாப்போம். அலாயா, இரும்பா?

கெல்வின்: எது நல்லது?

நோரீன்: அலாய் பாக்க அழகு. கல்லுல மோதினா விரிசல் விடும். இரும்பு வளையும், சுத்தியால தட்டி வீடு போய்ச் சேரலாம். உன் பண்ணை ரோட்டுக்கு இரும்புதான்.

கெல்வின்: இரும்பே குடு.

நோரீன்: எடை? பின்னாடி என்ன ஏத்துறே?

கெல்வின்: தண்ணித் தொட்டி, உப்புக் கட்டி, கம்பிச் சுருள்... ஒரு டன்.

நோரீன்: அப்போ ஒரு டன்னுக்கு மேல தாங்குற வீல்தான் வேணும். வீலோட உள்பக்கம் எவ்வளவுன்னு குத்தியிருப்பான், பாத்துதான் எடுக்கணும். வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்குச் சுமை ஏறும். அதனால க்ளைவுக்கு ஒரு அங்குலத்தோட நிறுத்திட்டேன். உனக்கும் அதே...

கெல்வின்: இல்ல, இல்ல. பத்தாது.

நோரீன்: வண்டி இழுக்காம இருக்க அது போதும்.

கெல்வின்: எனக்குச் சரியா முன் சக்கரத்துக்கு நேரா வரணும். ஒரு மில்லிகூட முன்னபின்ன இருக்கக் கூடாது.

நோரீன்: ஒரு மில்லிகூடவா... கேரவன் ஆடாம இருக்கவா?

கெல்வின்: ஆமா.

நோரீன்: பக்கத்துக்கு நாற்பத்தேழு மில்லி தள்ளணும். அவ்வளவு தள்ளினா இன்ஜினியர் வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டு, வண்டியில தகடு அடிக்கணும். இல்லேன்னா சட்டப்படி ரோட்டுல ஓட்ட முடியாது.

கெல்வின்: தகட்டை அப்புறம் பாத்துக்கலாம்.

நோரீன்: இதைச் சொல்றது நீயா? நம்பர் பிளேட்டுல சேறு இருக்குன்னு தபால்காரனை நிறுத்தித் துடைக்கச் சொன்ன ஆளு?

கெல்வின்: அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றேன் இல்ல.

நோரீன்: சரி, கோவப்படாதே. ஸ்டெப்னிக்கு என்ன பண்ணுவே? இப்ப ஒரே ஸ்டெப்னி நாலுக்கும் ஆகுது. பின்னாடி மட்டும் மாத்தினா ஸ்டெப்னி முன்னாடிக்குத்தான் பொருந்தும். பின்னாடி பஞ்சராச்சுன்னா வண்டி நொண்டிக்கிட்டு வரும். அதுக்குப் பேசாம பழசு ரெண்டையும் கையில வெச்சுக்கோ...

கெல்வின்: பழசு வேணாம்.

நோரீன்: வேணாமா?

கெல்வின்: நீயே வெச்சுக்கோ. இல்ல, காயலான் கடைக்குப் போட்டு நசுக்கிடு. வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன்.

நோரீன்: வளைஞ்ச ஆணியைத் தட்டி நேராக்கி டப்பாவுல போட்டு வெக்கிற ஆளு, நல்ல வீலை நசுக்கச் சொல்றே.

கெல்வின்: இடம் அடைக்குது.

நோரீன்: அறுபதாயிரம் ஏக்கர்ல ரெண்டு வீலுக்கு இடம் இல்ல.

கெல்வின்: நோரீன், நீ மாட்டித் தருவியா, மாட்டியா? நான் வேற ஊருக்குப் போய்க்கிறேன்.

நோரீன்: மாட்டித் தர்றேன். ஏன் பறக்கிறே... இந்தா, போட்டுட்டேன், டீயைக் குடி. ஆறிப் போனா போர் தண்ணி நாத்தம் தூக்கும்.

கெல்வின்: இன்னொண்ணு... பில்லு குடுப்பே இல்ல?

நோரீன்: குடுப்பேன்.

கெல்வின்: அதுல தேதியை மட்டும்... கொஞ்சம் முன்னாடி போட முடியுமா? இன்சூரன்ஸ்காரனுக்காக.

நோரீன்: எவ்வளவு முன்னாடி?

கெல்வின்: அக்டோபர்னு போட்டா நல்லது.

நோரீன்: அக்டோபர்...

கெல்வின்: ஏதோ ஒரு தேதி. நீயே பாத்துப் போடு.

நோரீன்: அண்ணன் செத்தது நவம்பர் பதினெட்டு.

கெல்வின்: அதுக்கும் இதுக்கும் என்ன?

நோரீன்: கப்பைக் கீழே வை கெல்வின். வெச்சுட்டுக் கேளு. அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் கான்ஸ்டபிளும் போய்ச் சேர்ந்தோம். உன் பண்ணைக்கும் டெஸ் பண்ணைக்கும் நடுவுல போற அந்த மண் ரோடு. ஒரு பக்கம் பள்ளம். அவன் பைக் அதுல தலைகீழாக் கிடந்துச்சு. இன்னொரு பக்கம் கிட்ஜி மரம். டெஸ் மரத்துல சாஞ்சு இருந்தான். இடுப்பு எலும்பு உடைஞ்சவன், பள்ளத்துலேர்ந்து ஏறி, ரோட்டைத் தாண்டி, நிழலுக்கு ஊர்ந்து போயிருக்கான்.

கெல்வின்: தெரியும் நோரீன். ஊருக்கே தெரியும். எதுக்கு இதையெல்லாம்...

நோரீன்: எல்லாரும் அவனைப் பாத்தாங்க. நான் கொஞ்ச நேரம் கழிச்சுக் கீழே பாத்தேன். முப்பது வருஷமா டயர் பாக்கிறவ, கண்ணு அங்கதான் போகுது. அவன் ஊர்ந்த தடம் ரோட்டுக்குக் குறுக்கே இருந்துச்சு. பாம்பு போன மாதிரி இல்ல... சாக்கு மூட்டையை இழுத்த மாதிரி. அந்தத் தடத்துக்கு மேல வண்டித் தடம்.

கெல்வின்: மேலயா?

நோரீன்: மேல. அவன் ஊர்ந்து போனதுக்கு அப்புறம் ஒரு வண்டி அந்த வழியாப் போயிருக்கு. மண்ணுல நாலு கோடு. வெளியே ரெண்டு, உள்ளே ரெண்டு. டயர் பட்டன் பதிஞ்ச அச்சை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஊர்ல பாதிப் பேருக்கு அதே டயரை நானேதான் போட்டிருக்கேன். நாலு கோடு போடற வண்டி எத்தனைன்னு நெனைக்கிறே?

கெல்வின்: எனக்கென்ன தெரியும்...

நோரீன்: இந்த வட்டாரத்துல இந்தப் பிக்கப் ஆறு. நாலு பேருக்கு நான் வீல் மாத்திட்டேன், அதெல்லாம் ரெண்டு கோடு, க்ளைவோடதுகூட இவ்வளவு உள்ளே விழாது. மிச்சம் ரெண்டு. ஒண்ணு கவுன்சில் வண்டி. அதை அன்னிக்குக் கியர்பாக்ஸைக் கழட்டி, நீ நிக்கிற இதே இடத்துல கட்டை மேல ஏத்தி வெச்சிருந்தேன்.

கெல்வின்: அப்போ... மூணு மாசமா...

நோரீன்: மூணு மாசமாத் தெரியும். சவப்பெட்டிக்கு முன் மூலையில தோள் குடுத்தியே, அப்பவும் தெரியும். "பகையை மறந்து வந்தான் பாரு, மனுஷன்"னு பாதிரியார் உன்னைப் பத்திச் சொன்னாரே, அப்ப உன் முகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.

கெல்வின்: ஏன் கேக்கல?

நோரீன்: நீயா வருவேன்னு பாத்தேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் சரக்கு வாங்க ஊருக்கு வர்றே. கடையைத் தாண்டுறப்ப அந்த அரை விரலைத் தூக்குறே. போயிடறே. ரெண்டு நாள்ல பேஞ்ச மழையில தடமும் போயிடுச்சு. என்கிட்ட ஒண்ணும் இல்ல.

கெல்வின்: ஆனா போட்டோ...

நோரீன்: என்ன போட்டோ? நான் உன்கிட்ட போட்டோன்னு ஒண்ணும் சொல்லலையே. ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, கிளெண்டாகிட்ட. தடத்தைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், வர்ற வெள்ளிக்கிழமை லாங்ரீச்லேர்ந்து ஒரு அதிகாரி வந்து எல்லாப் பிக்கப்பையும் அளக்கப் போறாருன்னு. போட்டோவும் இல்ல, அதிகாரியும் இல்ல.

கெல்வின்: பொய் சொன்னியா?

நோரீன்: ஆமா. அந்த மூலையில படுதா கிடக்கு பாரு, அதை எடு.

கெல்வின்: எதுக்கு...

நோரீன்: எடு. பெட்டி மேல என்ன எழுதியிருக்கு? படி.

கெல்வின்: ...என் பேரு.

நோரீன்: அதுக்குக் கீழே?

கெல்வின்: போன புதன்கிழமை தேதி.

நோரீன்: புதன்கிழமை வந்து இறங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் கிளெண்டாகிட்டப் பேசினேன். இரும்பு வீல் ரெண்டு, அஞ்சு நட்டு, ஒரு டன்னுக்கு மேலயே தாங்கும், பக்கத்துக்கு நாற்பத்தேழு மில்லி. உனக்கு மில்லி பிசகாமப் பொருந்தும் கெல்வின். அளவை நான் நவம்பர்லயே எடுத்துட்டேன். மண்ணுல.

கெல்வின்: நோரீன், நான் சொல்றதைக் கேளு...

நோரீன்: நீ கேளு. போலீஸுக்குப் போகப் போறதில்ல. நிக்காமப் போனான்னு கேஸு போட முடியாதுன்னு கான்ஸ்டபிளே சொல்லிட்டாரு. ஆனா இந்த ஊர்ல நின்ன வண்டியைத் தாண்டி எவன் போயிருக்கான்? கொலைகாரனா இருந்தாலும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பான். கேட்டுட்டுப் போவான்.

கெல்வின்: கேப்பான்.

நோரீன்: டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? மூணு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னாரு. நாற்பத்துநாலு டிகிரி வெயிலு. தண்ணி பாட்டில் பைக்கோட பள்ளத்துல. நீ எத்தனை மணிக்குப் போனே?

கெல்வின்: பதினொண்ணு... பதினொண்ணே கால்.

நோரீன்: நாலு மணி நேரம். அந்த மரத்துக்கு நேரா வர்ற இடத்துல மட்டும் தடம் சுத்தமா இருந்துச்சு. மண்ணு சிதறல. வண்டி மெதுவாப் போயிருக்கு. நீ வேகத்தைக் குறைச்சே. நல்லாப் பாத்தே. வேலி தாண்டி வந்த காளையை அவன் சுட்டான்னு பதினோரு வருஷம் பேசாம இருந்தவன், அவன் கிடக்கிறதைப் பாத்து, செத்துத் தொலையட்டும்னு போயிட்டே.

கெல்வின்: இல்ல.

நோரீன்: அப்புறம் எதுக்கு மெதுவாப் போனே?

கெல்வின்: புழுதி... அவன் மேல புழுதி படக் கூடாதுன்னு.

நோரீன்: புழுதியா.

கெல்வின்: மரத்தடியில யாராவது உக்காந்திருந்தா மெதுவாப் போறது வழக்கம்தானே. பைக் பள்ளத்துல கிடந்தது எனக்குத் தெரியல நோரீன். வேலி கட்ட வர்றவனுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னுதான் நெனச்சேன்.

நோரீன்: ரோட்டுக்குக் குறுக்கே அவன் ஊர்ந்த தடம் இருந்துச்சே.

கெல்வின்: நான் ரோட்டைப் பாக்கல. அவன் முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். டிக்கெட் பின்னாடி நின்னு குலைச்சான். சும்மா இருடான்னேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் குலைச்சுக்கிட்டே வந்தான்.

நோரீன்: வேற யாரா இருந்தாலும் நின்னிருப்பே.

கெல்வின்: நின்னிருப்பேன்.

நோரீன்: வேற யாரா இருந்தாலும்.

கெல்வின்: ஆமா. நின்னிருப்பேன்.

நோரீன்: அவன் கூப்பிடலையா? கத்தலையா? என் அண்ணன் தொண்டை மூணு வேலி தாண்டிக் கேக்குமே.

கெல்வின்: கத்தல. கையைத் தூக்கினான்.

நோரீன்: ...கையைத் தூக்கினானா.

கெல்வின்: தோள் உயரத்துக்குத் தூக்கினான்.

நோரீன்: கையைத் தூக்கினவனைப் பாத்துட்டு நீ என்ன பண்ணினே கெல்வின்?

கெல்வின்: பதினோரு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பாத்துக் கை தூக்குறான்... சமாதானத்துக்கு வர்றான்னு நெனச்சேன் நோரீன். நானும் ஸ்டியரிங்லேர்ந்து விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டேன். அன்னிக்குப் பூரா எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாப்பாட்டு மேஜையில உக்காந்து, "டெஸ் இன்னிக்கு எனக்குக் கை காட்டினான்"னு கிளெண்டாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்... அப்பதான் நீ போன் பண்ணினே.